ஆண்டுச் சராசரியை நம்பிப் படுக்கையைக் குறைக்காதீர்கள்

ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஆய்வுக் கூட்டத்துக்குப் போனாலும் இதே பேச்சு: "வருஷச் சராசரி 80 சதவீதம்தானே நிரம்புது? மீதிப் படுக்கை சும்மாதானே கிடக்குது?" போன வாரமும் கேட்டேன். இனியும் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

சும்மா கிடக்கவில்லை ஐயா. 20 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சராசரி 4 அட்மிஷன், ஒருவர் தங்குவது சராசரி 4 நாள். பெருக்கினால் 16 பேர், அதாவது 80 சதவீதம். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது, இதில் தகராறு இல்லை. ஆனால் தினமும் சரியாக 16 பேரா படுத்திருப்பார்கள்? காய்ச்சல் முறை வைத்துக்கொண்டா வருகிறது? ஒரு நாள் 11, இன்னொரு நாள் 22. முறையில்லாமல் வருபவர்களின் எண்ணிக்கை சராசரியைச் சுற்றி எப்படிக் கூடிக் குறையும் என்று சொல்லும் பாய்சான் பரவலில் போட்டுப் பாருங்கள்: எட்டு நாளுக்கு ஒரு நாள் 20 படுக்கை போதாது. "சும்மா கிடக்கும்" இரண்டை மட்டும் எடுத்துவிட்டால் நாலு நாளுக்கு ஒரு நாள் போதாது. இரண்டே படுக்கைதான், தட்டுப்பாடு இரட்டிப்பாகிவிட்டது!

மழைக்காலக் காய்ச்சலையும், அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூடும் கூட்டத்தையும் இதில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பன்னிரண்டு மாதச் சராசரியில் அதெல்லாம் கரைந்துபோகும். மதுரை மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் அளவுகோலையும் இங்கே கொண்டுவராதீர்கள். 200 படுக்கைக்கு 80 சதவீதம் என்றால் தாராளம். சின்ன வார்டில் ஏற்ற இறக்கம் அதிகம், அங்கே அதே 80 நெருக்கடி.

இன்னொன்று, தங்கும் நாள் குறைந்தால் உற்பத்தித்திறன் கூடிவிட்டது என்று பாராட்டுவது. சீரியஸ் கேஸை எல்லாம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரைக்கு ரெஃபர் செய்தால் இங்கே நாள் குறையத்தான் செய்யும். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் கொடுத்த டேட்டா என்வெலப்மென்ட் முறை, போட்ட வளத்துக்கு எவ்வளவு வேலை நடந்தது என்று ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டு மார்க் போடுவது; அதிலும் நோயின் தீவிரத்தைச் சேர்க்காவிட்டால், அனுப்பிவிடும் ஆஸ்பத்திரி முதல் மார்க் வாங்கும், ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி திட்டு வாங்கும்.

வார்டு ரெஜிஸ்டரில் படுக்கை எண் கட்டத்தில் பென்சிலால் 'தரை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாயில் படுத்திருந்த அந்த இருவரும் மாத அறிக்கையில் இல்லை, நிரம்பியது 20 என்று முடித்துவிட்டார்கள். அந்த அறிக்கையை வைத்துப் படுக்கைத் தேவையைக் கணிக்கும் மாடல், தேவையே 20தான் என்று சொல்லும். படுக்கை இல்லாமல் திரும்பிப் போனவர் கதையும் இதேதான்.

அதனால் அதிகாரிகளே, சராசரியோடு நிற்காதீர்கள். எத்தனை நாள் வார்டு நிரம்பி வழிந்தது என்று மாதவாரியாகக் கேளுங்கள். பிரசவ வார்டையும் ஐ.சி.யூ.வையும் ஒரே வரிசையில் வைத்து மார்க் போடாதீர்கள். ரெஃபர் எண்ணிக்கை இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வார்டு சிஸ்டர்களே, உங்களுக்கு இருக்கும் வேலைப்பளு எனக்குத் தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: அட்மிஷன், டிஸ்சார்ஜ் இரண்டுக்கும் தேதியோடு மணியையும் எழுதுங்கள். 'தரை' என்பதைப் பேனாவால் எழுதுங்கள், மாதக் கணக்கிலும் சேர்த்து அனுப்புங்கள்.