யார் பெயரில் நிதி கேட்டோமோ, அவர்கள் பார்க்காத கணக்கு

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமின் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஒரு சங்கத்தின் பயணச் செலவுச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் தணிக்கையாளராக இருக்கிறேன்; இலங்கை அகதிகளின் குடியுரிமைக்காகவும், இந்தக் கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டவர்களுக்காகவும் மனுப் போட்டு வழக்கு நடத்தும் சில அமைப்புகளின் கணக்குகள் என்னிடம் வருகின்றன. 1985இல் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்து இன்றுவரை முகாமிலேயே வாழும் ஒரு மூதாட்டி என் கையிலிருந்த கோப்பைப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்கட பேரைச் சொல்லி வாங்கின காசு எவ்வளவு எண்டு உங்களுக்காவது தெரியுமோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியும், கோப்பில் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அந்தச் சங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை.

கணக்குக் காட்டவேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு ஒரு கணக்கு, வரிவிலக்குப் பெற்றிருந்தால் வருமான வரித் துறைக்கு ஒரு தணிக்கை அறிக்கை, வெளிநாட்டு நிதி பெற்றால் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி.4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் என்று எல்லாமே மேல்நோக்கிப் போகின்றன. வெளிநாட்டு நிதிக் கணக்கை இணையத்தில் வெளியிடவேண்டும் என்ற விதி உண்டு என்றாலும், ஆங்கிலத்தில், பெருந்தலைப்புகளாக மட்டும் இருக்கும் அந்தப் பக்கத்தை முகாமில் எவரும் திறந்து பார்த்து நான் கேள்விப்பட்டதில்லை.

தொண்டியில் ஒரு அறக்கட்டளை ஊருணியைத் தூர்வாரினால், தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று ஊரே பார்த்துவிடும். கொள்கை மாற்றத்துக்காக உழைக்கும் அமைப்பிடம் அப்படிக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அதன் அடிப்படையில் 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. அது போன்ற ஒரு வழக்குக்குப் பின்னால் பிறப்புப் பதிவைத் தேடி அலைந்த நாள்கள், பிரமாணப் பத்திரங்கள், மதுரைக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணங்கள் இருக்கின்றன. அந்தச் சீட்டுகள்தாம் இத்தகைய அமைப்பின் வேலைக்குச் சாட்சி. ஆகவே, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தபோது, அதைத் தங்கள் வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றைத்தான்: எந்தத் தேதியில், யாருக்கு, என்ன மனு அனுப்பினீர்கள்? ஒப்புகைச் சீட்டு இருந்தால் மனு அனுப்பியதாக எழுதலாம். ஆணையே தங்களால் வந்தது என்று எழுதக்கூடாது.

இனி, நான் அதிகம் வருந்தும் இடத்துக்கு வருகிறேன். 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அந்தச் சட்டத்தின் விதிகளில் வழக்கறிஞர் கட்டணம் போன்ற தொழில்முறைக் கட்டணங்களும் நிர்வாகச் செலவுக்குள்தான் அடங்கும். மருத்துவமனை நடத்துபவருக்கு இது பெரிதில்லை. வழக்கு நடத்துவதையே பணியாகக் கொண்டவருக்குக் கழுத்தைப் பிடிக்கும் விதி. அந்த நெருக்கடியில்தான் பொய்ச் சீட்டு பிறக்கிறது. ஓர் அமைப்பின் கோப்பில் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த விழிப்புணர்வு முகாமுக்கான சாமியானா வாடகை ரசீது இருந்தது. ரசீதை எழுதிய கையும் அமைப்பின் பேரேட்டை எழுதிய கையும் ஒன்றாகவே இருந்தன. அதில் போட்டிருந்த தேதியோ, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டு, படகுகளெல்லாம் கரையில் கட்டப்பட்டிருந்த நாள். விசாரித்தபோது, பணம் உண்மையாகவே வழக்கறிஞருக்குத்தான் போயிருந்தது. ஒரு ரூபாய்கூட எவர் வீட்டுக்கும் போகவில்லை. ஆனாலும் என்னால் கையெழுத்திட முடியவில்லை. திருடாதவர் எழுதிய பொய்யும் பொய்க்கணக்குதான். ஒரு நாள் விசாரணை வந்தால் அந்த ஒற்றைச் சாமியானா ரசீது அத்தனை வழக்குகளையும் சேர்த்துச் சாய்த்துவிடும். வழக்குச் செலவை உள்நாட்டு நன்கொடையிலிருந்து செய்யுங்கள், வெளிநாட்டு நிதியைப் பயிற்சிக்கும் கள ஆய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

உள்நாட்டு நன்கொடை எது என்பதிலும் இங்கே குழப்பம் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. கனடியக் குடியுரிமை பெற்ற உறவினர் ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வந்த இடத்தில் இந்திய ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். அதை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறிப்பிட்ட கணக்கு வழியாகத்தான் பெறமுடியும். பணம் எந்த நாட்டு நோட்டு என்பதன்று, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கேள்வி.

ஒரு குடும்பத்தின் படத்தைப் போட்டு அவர்களுடைய வழக்குக்கென்று திரட்டிய பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வழக்கு முடிந்து மீதமிருந்தால் அதைச் சத்தமில்லாமல் அலுவலக வாடகைக்குத் திருப்பிவிடுவது பரவலாக நடக்கிறது. அந்தப் பணத்துக்குப் பேரேட்டில் தனிப் பக்கம் வேண்டும். மீதியை என்ன செய்வது என்பதைக் கொடுத்தவர்களிடமும் அந்தக் குடும்பத்திடமும் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

மூதாட்டியின் கேள்வியைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நான் எடுத்து வைத்தபோது முதலில் தயங்கினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தமிழில், சார்ட் அட்டையில் எழுதி, வந்த பணத்தையும் போன பணத்தையும் முகாம் மக்கள் முன்னால் படித்துவிடுவது என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு மாலை, முகாமுக்கு வெளியே வேப்பமர நிழலில் செயலாளர் படித்தார். வாகனச் செலவைப் பற்றி இருவர் கேட்டார்கள், பதில் சொல்லப்பட்டது. ஜெராக்ஸ் செலவு என்ற வரி வந்ததும் அதே மூதாட்டி எழுந்து, “என்ர மகளின்ர பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கவெண்டு வாங்கினீங்கள். அது எங்கை?” என்று கேட்டார்.

மகள் 1987 மார்ச்சில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவர். குடியுரிமைக்கு அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தாள். அது திருப்பித் தரப்படாமல் அலுவலக அலமாரியில், வேறொருவருடைய கோப்புக்குள் இருந்தது. மறுநாள் காலை செயலாளரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவந்தார். அந்த ஆண்டிலிருந்து எந்த அமைப்பின் கணக்கைப் பார்க்கப் போனாலும், ரொக்கப் புத்தகத்தோடு மக்களிடம் பெற்ற மூல ஆவணங்களின் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.