கொலுசு மாடல் யாருக்குச் சொந்தம்? முதலாளிக்கும் வரைந்தவருக்கும் சட்டம் தரும் உரிமைகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ பனங்காட்டிலோ ஒரு கொலுசுப் பட்டறையில் புது மாடல் வரைந்தவர் வேறு பட்டறைக்குப் போகும்போதுதான் ‘அது யாருடையது’ என்ற சண்டை கிளம்புகிறது. பெரும்பாலும் அதற்குள் காரியம் கைமீறியிருக்கும். மாடலை முதல் ஆளிடம் காட்டும் முன்பே எழுதி வைக்க வேண்டிய சங்கதி இது.

இதில் இரண்டு சட்டங்கள் வருகின்றன. இரண்டும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

காகிதத்திலோ கணினியிலோ வரைந்த படத்துக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். சம்பள ஆள் தன் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை 17-ஆம் பிரிவின்படி உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து வரைந்து தருபவர் என்றால் உரிமை அவரிடமே நிற்கும். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். “காசு கொடுத்தாச்சு, இனி என்னுது” என்ற பேச்சு இங்கே செல்லாது. எழுதிய தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்ளும்தான் அந்த உரிமை செல்லும்.

அதே மாடல் பொருளாக மாறும்போது 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் வருகிறது. இங்கே கதை வேறு: தக்க பணம் கொடுத்து யாருக்காக வரையப்பட்டதோ, அவர்தான் உரிமையாளர். வரைந்தவர் வெளியாளாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் பணம் எதற்குக் கொடுத்தது என்பது முக்கியம். வீட்டிலிருந்து கண்ணி கோத்துப் பற்றவைத்துத் தருபவர் வாங்குவது செய்கூலி. அவர் தானாக ஒரு புது முகப்பு வரைந்திருந்தால், அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுத்தேன் என்று முதலாளி சொல்வது எடுபடுவது கடினம். கூலிச் சீட்டில் ‘மாடல் வரைந்ததற்கு’ என்று தனி வரியும் தொகையும் இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

பலரும் விழும் குழி பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை இயந்திரத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை தீர்ந்துபோகும். டை (உலோக அச்சு) அடித்து ஓட்டும் பட்டறைக்கு ஒரு சிறிய ஆர்டரே போதும். ஆகவே விற்கப்போகிற மாடலுக்குப் பதிவுதான் வழி.

பதிவுக்கு மாடல் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வியாபாரிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டு, ஆர்டர் வந்தபின் பதியலாம் என்று இருப்பவர்கள் இதில்தான் தோற்கிறார்கள். ரகசியம் காக்க ஒப்புக்கொண்டவரிடம் காட்டியதை அவர் துரோகமாக வெளியிட்டால் அது வெளியீடாகாது; ஒப்புக்கொண்டதற்கு ஒரு குறுஞ்செய்தியாவது கையில் இருக்கட்டும். இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டிச் சேலைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சலுகை உண்டு: புதுத் துணி வடிவமைப்புக்கு ரகசியமாக ஏற்கும் முதல் ஆர்டர் வெளியீடாகக் கருதப்படாது. மத்திய அரசு இதற்கென அறிவித்த பொருட்காட்சியில் வைப்பதானால் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, வைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் படிவம் 1. இணையத்தில் போடலாம்; சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலும் கொடுக்கலாம். தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். படிவத்தில் குறிக்க வேண்டிய பொருள் வகுப்பு நகைக்கு 11-01, துணிக்கு 05-05. முன், பின், பக்கங்கள், மேல், கீழ் எனப் படங்கள் வெற்றுப் பின்னணியில் தெளிவாக இருக்கட்டும். எது புதிது என்ற குறிப்பில் ‘அழகான கொலுசு’ என்று எழுதினால் பயனில்லை; எந்தப் பகுதியின் உருவம் அல்லது அலங்காரம் புதிது என்று சொல்ல வேண்டும். ஆட்சேபனை வந்தால் விண்ணப்ப நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். பதிவு 10 ஆண்டு செல்லும், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

பதிந்த மாடலைத் திருடிச் செய்தவரிடம் வடிவமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 வரை கேட்கலாம். வெள்ளி விற்கும் விலைக்கு இது ஒன்றுமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்பதே பலன் தரும்.

ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மெக்கானிக் புதிதாக ஒரு இயந்திரம் கண்டுபிடித்தால் நிலைமை இன்னொன்று. சம்பளம் கொடுத்ததாலேயே காப்புரிமை (பேட்டன்ட்) முதலாளிக்குப் போகும் என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் விதி இல்லை. முதலாளி விண்ணப்பிக்க வேண்டுமென்றால் மெக்கானிக் எழுதிக் கொடுத்த உரிமை மாற்றம் வேண்டும்.

வேலையை விடுபவரிடம் “இரண்டு வருஷம் சேலத்தில் கொலுசு வேலைக்கே போகக் கூடாது” என்று எழுதி வாங்கியிருந்தால் அது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் செல்லாது. கைத்தொழில் அவருடையது. ஆனால் பட்டறையின் டை, வரைபடக் கோப்பு, வாடிக்கையாளர் விலைப் பட்டியலை எடுத்துப் போவது வேறு. அதற்கு வழக்கு வரும். இத்தனை காலம் வேலை பார்ப்பேன், தவறினால் இன்ன தொகை தருவேன் என்ற பத்திரம் எல்லாமே செல்லாது என்றும் நினைக்க வேண்டாம்: வங்கி ஊழியர் வழக்கொன்றில் அப்படிப்பட்ட நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

மாடல் தகராறைக் காட்டிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு இல்லை. உதவி எண் 15100.