மைக்செட் டிரான்சிஸ்டரில் பிறக்கும் சூரிய மின்சாரம்

திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா உண்டு. கொடை என்றால் மைக்செட் உண்டு. மைக்செட்காரர்கள் கழித்துப் போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது காயலாங்கடையில் கண்ணில் பட்டால் அதைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். சூட்டை வெளியேற்றும் வரிவரியான அலுமினிய ஹீட்சிங்கின்மேல், தொப்பி வைத்த உலோக டிரான்சிஸ்டர்கள் இரண்டோ நாலோ திருகியிருக்கும். அவற்றின் தலையில் 2என்3055 என்று அச்சிட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். அந்தத் தொப்பிக்குள் இருப்பது ஒரு சிலிக்கான் சில்லு. தொப்பியை அறுத்தெடுத்து வெயிலில் வைத்தால் அது மின்சாரம் தரும்.

சத்தத்தைப் பெருக்கச் செய்த பொருள் வெயிலுக்கு மின்சாரம் தருவது எப்படி? ஒளியிலிருந்து மின்சாரம் வர இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது, உள்ளே வரும் ஒளித்துகள், அணுவோடு கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரானைப் பிடுங்கி விட வேண்டும். சிலிக்கானில் இதற்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் போதும். நம் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்திலும் அந்த ஆற்றல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும் ஒரு பகுதியில் இருக்கிறது.

இரண்டாவது வேலைதான் கஷ்டம். பிடுங்கப்பட்ட எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் மறுபடி சேர்ந்துகொள்ளத்தான் பார்க்கும். சேர்ந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சூடு. அதற்கு முன்பே இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் பிரித்து அனுப்ப ஓர் எல்லை வேண்டும். பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானும் போரான் கலந்த சிலிக்கானும் சந்திக்கும் இடத்தில் அப்படி ஓர் எல்லை தானாகவே அமைகிறது. அங்கே நிரந்தரமாக ஒரு மின்புலம் நிற்கிறது. சரிவில் விட்ட தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல எலக்ட்ரான் ஒரு பக்கம் ஓடிவிடும், துளை மறுபக்கம் போய்விடும். வெளியே கம்பி மாட்டினால் அதுதான் மின்னோட்டம்.

ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு, டிரான்சிஸ்டர், எல்இடி எல்லாமே இந்த எல்லையை வைத்துச் செய்தவைதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரசல் ஓல் 1940-இல் விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டின்மேல் வெளிச்சம் பட்டபோது மின்னழுத்தம் எழுவதைக் கண்டார். எல்லை என்ற ஒன்று அந்தத் துண்டுக்குள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 1954-இல் 6 சதவீதத் திறனுள்ள சூரிய செல்லைச் செய்து காட்டினார்கள். டிரான்சிஸ்டரும் சூரிய செல்லும் பிறப்பால் உறவுக்காரர்கள்.

சரி, அறுக்கும் வேலைக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரில் இருந்து கழற்றும் முன், அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து டிரான்சிஸ்டரை மட்டும் கழற்றி வாங்குவது நல்லது. ரேடியோ அலைவரிசைக் கருவிகளில் வரும், வெள்ளைப் பீங்கான் வைத்த பவர் டிரான்சிஸ்டர்களை அறுக்கவே கூடாது. சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. முழுக்க உலோக உடம்புள்ள 2என்3055 போதும்.

கழற்றியதும் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, பேஸ் காலுக்கும் உடம்புக்கும் நடுவே சோதியுங்கள். டிரான்சிஸ்டருக்கு மூன்று முனைகள்: இரண்டு கால்கள் பேஸும் எமிட்டரும், உடம்புதான் கலெக்டர். ஒரு திசையில் 0.5, 0.6 என்று காட்டி, மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாவிட்டால் அந்த எல்லை உயிரோடு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு ஆகாது என்று தூக்கிப்போட்ட டிரான்சிஸ்டரிலும் இந்த ஓர் எல்லை மட்டும் நன்றாக இருப்பதுண்டு. நமக்கு அது போதும்.

வைஸில் பிடித்து, தொப்பியின் விளிம்பைச் சுற்றி ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். பிளேடு உள்ளே இறங்கிவிட்டால் சில்லு போயிற்று. தொப்பி கழன்றதும், நடுவில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் சின்னச் சதுரம் தெரியும். அதிலிருந்து இரண்டு கால்களுக்கும் மெல்லிய இணைப்புகள் போகும். மேலே பசை பூசியிருந்தால் சுரண்ட வேண்டாம். உலோகத் தூளை ஊதித் தள்ளிவிட்டு, பேஸில் சிவப்பு முனை, உடம்பில் கறுப்பு முனை வைத்து வெயிலில் காட்டினால் மீட்டர் அரை வோல்ட் அளவுக்கு ஏறும். கையால் மறைத்தால் இறங்கும். புத்தகத்துப் படத்தில் அம்புக்குறி போட்டுப் படித்த எல்லாம் அந்த ஏற்ற இறக்கத்தில் கண்முன்னே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையாவது இதைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மின்னழுத்தம் அரை வோல்ட் என்றால் மின்னோட்டம்? சில மில்லிஆம்பியர்தான். இங்கேதான் சூரிய செல்லின் முக்கியமான கணக்கு இருக்கிறது: வோல்ட்டை முடிவு செய்வது பொருள், ஆம்பியரை முடிவு செய்வது பரப்பு. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் ஆலை செய்வதும் சிலிக்கான் செல்தான். இன்றைய பேனலில் உள்ள, சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள ஒரு செல் நல்ல வெயிலில் 10 ஆம்பியருக்கு மேல் தருகிறது; ஆனால் அதன் வோல்ட் நம் சில்லைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. டிரான்சிஸ்டர் ஒன்றிலிருந்து ஒரு மில்லிவாட் எடுத்தோம் என்று வைத்தால், செல்போன் சார்ஜ் ஏற்றத் தேவையான 5 வாட்டுக்கு 5,000 டிரான்சிஸ்டர் வேண்டும். வீட்டுக்கு மின்சாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

சில்லே இல்லாமலும் எல்லையை உண்டாக்கலாம். சுத்தமான செம்புத் தகடு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, காயில் கரண்ட் அடுப்பின்மேல் வைத்து, அடுப்பின் காயில் செக்கச் சிவக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். முதலில் ஆரஞ்சு, ஊதா என்று வண்ண வண்ணமாகப் படரும். பிறகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கறுப்பு வரும். அரைமணி நேரம் அப்படியே விட்டால் கறுப்பு தடிக்கும். அடுப்பை அணைத்து, தகட்டை எடுக்காமல் தானாக ஆற விடுங்கள். செம்பும் அதன் ஆக்சைடும் சுருங்கும் அளவு வேறு வேறு என்பதால், தடித்த கறுப்பு செதில் செதிலாகத் தெறித்து உதிரும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கறுப்பு மெல்லிசாக இருந்தால் ஒட்டிக்கொண்டு உதிராது, அதனால்தான் அந்த அரைமணி நேரம். உதிர்ந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் தெரியும். அதுதான் குப்ரஸ் ஆக்சைடு, சிலிக்கானைப் போல ஓர் அரைக்கடத்தி. அது எலக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் கேட்கும். சிவப்பு ஒளியில் அவ்வளவு ஆற்றல் இல்லாததால் அது விழுங்கப்படாமல் திரும்புகிறது. படலம் சிவப்பாகத் தெரிவதும் அதனால்தான்.

இந்தத் தகட்டையும் சூடாக்காத இன்னொரு செம்புத் தகட்டையும், ஒன்றையொன்று தொடாமல், உப்புத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் இறக்கி, மீட்டரில் மாட்டி வெயிலில் வைத்தால் சில பத்து மைக்ரோஆம்பியர் ஓடும். நிழலில் வைத்தாலும் கொஞ்சம் காட்டும். அது தகடுகளும் உப்புநீரும் சேர்ந்து செய்யும் பாட்டரி வேலை. வெயிலில் காட்டும் அளவிலிருந்து நிழலில் காட்டுவதைக் கழித்தால்தான் ஒளியின் பங்கு தெரியும். இதைச் சொல்லாமல் வெறும் வெயில் கணக்கை மட்டும் காட்டும் செய்முறைகளை நம்பாதீர்கள்.

செம்பருத்தி, நாவற்பழச் சாயத்தை டைட்டானியம் டை ஆக்சைடில் ஏற்றிச் செய்யும் சாய செல்லும் உண்டு. 1991-இல் ஓ'ரீகனும் கிராட்சலும் உலகுக்குக் காட்டிய வழி. ஆனால் அதற்கு மின்கடத்தும் கண்ணாடி வேண்டும். காயலாங்கடைச் சாமான்களை வைத்துக்கொண்டு அதில் நேரம் செலவிடுவதைவிட டிரான்சிஸ்டரே மேல்.

நம் ஊர் வெயில் பற்றி ஒன்று. சூரியன் இங்கே நேர் தலைக்குமேல் வருவது சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். அப்போது உச்சியில் சில்லைத் தரையில் படுக்க வைத்தாலே முழு ஒளியும் விழும். ஆனால் சூடு ஏற ஏறச் சிலிக்கானின் மின்னழுத்தம் குறையும். டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். வெயிலில் கொதிக்கும் டிரான்சிஸ்டரின் அடியில் ஈரத்துணி வைத்தால் மீட்டர் மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம். சூரிய செல்லுக்குத் தேவை வெளிச்சம், வெக்கை அல்ல.

நான்கைந்து டிரான்சிஸ்டரை, ஒன்றின் பேஸை அடுத்ததன் உடம்போடு சேர்த்து வரிசையாகக் கோத்தால் 2 வோல்ட் பக்கம் வரும். ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் ஓடும் சாதாரணக் கால்குலேட்டர் ஒன்றின் பாட்டரி முனைகளில் மாட்டினால் வெயிலில் எண்கள் எழும். இப்போது ஒரே ஒரு சில்லை மட்டும் விரலால் மறையுங்கள், எண்கள் மறைந்துவிடும். வரிசையில் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம்தான் என்பதால், மறைந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறது. மாடியில் போட்ட பேனலின் ஓரத்தில் தென்னை ஓலை நிழல் விழுந்தாலும் இதே கதைதான். அதனால்தான் பேனலின் பின்புறப் பெட்டிக்குள் பைபாஸ் டயோடுகளை வைக்கிறார்கள்; நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மின்னோட்டம் அவற்றின் வழியாகச் சுற்றிப் போய்விடும்.