ஜெர்மனியில் உதவித்தொகையில் முனைவர் பட்ட ஆய்வு: மருத்துவக் காப்பீட்டில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில், ஒருவர் பல்கலைக்கழகத்துடன் வேலை ஒப்பந்தம் செய்துகொண்டு சம்பளம் பெறுகிறார். மற்றவர் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் வாழ்கிறார். முதலாமவர் பணியாளர் என்பதால் அரசுசார் பொதுக் காப்பீட்டில் தானாகவே சேர்ந்துவிடுகிறார். தவணையில் ஏறத்தாழப் பாதியைப் பல்கலைக்கழகம் கட்டிவிடும். இரண்டாமவரோ சட்டத்தின் கணக்கில் பணியாளரும் அல்லர், காப்பீட்டுக்கான மாணவரும் அல்லர். (டாட் (DAAD) என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகை பெறுபவர்களுக்குக் காப்பீட்டை அந்நிறுவனமே ஏற்பாடு செய்துவிடுகிறது, இது மற்றவர்களுக்காக எழுதப்படுகிறது.)

மாணவர் அட்டை கையில் இருக்கிறதே என்று காப்பீட்டு நிதியத்தின் கவுண்டரில் அதை நீட்டிப் பயனில்லை. மாதம் சுமார் 145 யூரோ என்னும் மாணவர் கட்டணம் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு, அதுவும் 30 வயது வரைக்குமே உரியது. முனைவர் பட்ட ஆய்வாளருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு 'விருப்ப உறுப்பினர்' சேர்க்கை. அதற்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவோ, கடந்த 5 ஆண்டுகளில் 24 மாதங்களோ பொதுக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் அதற்கு எங்கே போவார்? ஊரில் எடுத்த குடும்பப் பாலிசிகளையெல்லாம் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை குத்தி, தடித்த கோப்பாகக் கொண்டுவந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கோப்பைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தியக் காப்பீடு இந்தக் கணக்கில் சேராது.

மிஞ்சுவது தனியார் பாலிசி. விசா நேர்காணலுக்காக இணையத்தில் வாங்கும் மலிவான பயணக் காப்பீட்டைத் தூதரகம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் விசாவை நீட்டிக்கப் போகும்போது அயல்நாட்டவர் அலுவலகம் 'பொதுக் காப்பீட்டுக்கு நிகரானது' என்று எழுத்தில் கேட்கும். காப்பீட்டு நிறுவனம் அப்படி எழுதித் தர மறுக்கும். இரண்டுக்கும் நடுவே அலைவது நீங்கள்தான். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும், தொடக்க மாதங்களில் மகப்பேற்றுக்கும் பல மலிவுப் பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துக்கொள்ளுங்கள். வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் பொதுக் காப்பீட்டில் கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம். தனியாரில் தலைக்குத் தலை கட்ட வேண்டும்.

இதற்கொரு வழி உண்டு. ஆனால் அதை எந்த அலுவலகமும் தானாக முன்வந்து சொல்லுவதில்லை. உதவித்தொகை தொடங்கும் முன்னரோ, அதனுடன் சேர்த்தோ, சிறிய அளவிலாவது ஒரு வேலை ஒப்பந்தம் தரும்படி பேராசிரியரிடம் கேளுங்கள். சம்பளம் 'மினிஜாப்' எனப்படும் குறைந்த சம்பளச் சிறுவேலைக்கான வரம்பைத் (2025இல் மாதம் 556 யூரோ) தாண்டினால் காப்பீடு கட்டாயமாகிவிடும். பொதுக் காப்பீடு உங்களை மறுக்க முடியாது. பிறகு ஒப்பந்தம் முடிந்து உதவித்தொகை மட்டுமே எஞ்சினாலும் அந்த உறுப்பினர் நிலை விருப்பக் காப்பீடாகத் தொடரும். உதவித்தொகை தருபவர் பகுதிநேர வேலையை அனுமதிக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விருப்ப உறுப்பினர் முழுத் தவணையையும் தாமே கட்ட வேண்டும். 2025 கணக்குப்படி, குழந்தையில்லாத ஒருவர் 1,500 யூரோ உதவித்தொகையில் பராமரிப்புக் காப்பீட்டையும் (அன்றாட வாழ்வுக்கே பிறர் உதவி தேவைப்படும் நிலைக்கான காப்பீடு) சேர்த்து மாதம் ஏறத்தாழ 310 யூரோ கட்டுவார். வருமானம் எவ்வளவு குறைந்தாலும் 258 யூரோ அளவுக்குக் கீழே இறங்காது. எனவே உதவித்தொகைக் கடிதத்தில் காப்பீட்டுக்கெனத் தனித்தொகை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்கும் முன்பே கேளுங்கள்.

ஜெர்மனியிலேயே முதுநிலை படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குள், மாதம் சில பத்து யூரோ மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கோரும் படிவத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெற முடியாது. பின்னர் உதவித்தொகையில் ஆய்வுக்குச் சேரும்போது, இரண்டு ஆண்டுகள் அந்நாட்டிலேயே வாழ்ந்திருந்தும், நேற்று வந்திறங்கியவரோடு அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.