ஸ்டில்லைப் பார்த்து ஒளிப்பதிவுக்கு வாக்களிக்காதீர்கள்

விமர்சகர் சங்கங்கள் சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதுகளை அறிவிக்கும் ஆண்டிறுதி வந்தால், என்னிடம் பயிலும் இளைஞர்களும் புதிதாக விமர்சனம் எழுத வந்தவர்களும் தத்தம் தேர்வுப் பட்டியல்களை எனக்கு அனுப்பிவைப்பார்கள். இம்முறை வந்தவற்றிலும் சான்றாக ஒட்டப்பட்டிருந்தவை மலைமுகடும் அந்திவானமும் ட்ரோனில் எடுத்த கடற்கரையுமே. இதற்கு மேல் பொறுமையில்லை.

இடம் அழகாயிருப்பது ஒளிப்பதிவாளரின் சாதனை அன்று. நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் 1983-இல் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸுக்கு விருதளித்தது 'ஸெலிக்' படத்துக்காக. சட்டம் போட்டு மாட்டத் தோன்றும் ஃபிரேம் எதையும் அதில் தேட வேண்டாம். பழைய செய்திப்படச் சுருள்களுக்குள் கதாநாயகனை நுழைக்க வேண்டியிருந்ததால், அக்கால லென்ஸ்களைத் தேடிப்பிடித்து, அக்கால லைட்டிங்கைப் பின்பற்றி, நெகட்டிவில் கீறல்களையும் உண்டாக்கி, புதிதாக எடுத்தது எது, பழையது எது என்று கண் பிரித்தறியாதபடி செய்தார் வில்லிஸ். அழகு மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் இந்த உழைப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது. 'காட்ஃபாதர்' படத்தில் நடிகர் மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் விடத் துணிந்தவரும் இவரே. அப்படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை.

கருவியைக் கொண்டாடுவது அடுத்த பிழை. லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர் சங்கம் 1975-இல் 'பாரி லிண்டன்' படத்துக்காக ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டைத் தேர்ந்தது என்றவுடன், எல்லோரும் நாசாவுக்காக ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்த, மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படம்பிடிக்கும் எஃப் 0.7 லென்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். மெழுகுவர்த்தி ஒளியில் எடுத்த காட்சிகளுக்கு அந்த லென்ஸ் உதவியது உண்மைதான். ஆனால் பகல்நேர அறைகளில் சன்னலுக்கு வெளியே விளக்குகளை வைத்து இயற்கை வெளிச்சமே உள்ளே வருவதுபோல் அவர் காட்டியதை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

விருதுக்கு வாக்களிப்பவர்களுக்கும் பட்டியல் போடுபவர்களுக்கும் சொல்கிறேன்: ட்ரெய்லரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முழுப் படத்தையும் இருட்டறையில் பாருங்கள். வீட்டு டிவியில் பார்ப்பதானால் நிறங்களை மிகைப்படுத்தும் 'விவிட்' மோடையும் அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டுப் படம் இருட்டாயிருக்கிறது என்று எழுதுவது அநியாயம். 2017-இல் நியூயார்க் வட்டத்தின் விருதையும், பின்னர் ஒளிப்பதிவுப் பிரிவில் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் பரிந்துரையையும் ரேச்சல் மாரிசனுக்குப் பெற்றுத்தந்த 'மட்பவுண்ட்' படத்தின் சேற்று நிறங்கள் அந்தச் சிறு திரையில் குழம்பிப்போகும்.

இரண்டு பேர் மேசையருகே அமர்ந்து பேசும் சாதாரணக் காட்சியைக் கவனியுங்கள். ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் பொருந்துகிறதா, முகம் உணர்ச்சிக்கேற்பத் தெரிகிறதா என்று பாருங்கள். அரங்கின் சிறப்பைக் கலை இயக்குநருக்கும் வண்ணத்தின் நுட்பத்தில் உரிய பங்கை, படப்பிடிப்புக்குப் பின் நிறங்களைச் சீர்செய்யும் கலரிஸ்டுக்கும் கொடுங்கள். நியூயார்க் வட்டம் 1935-இல் தொடங்கியது; ஒளிப்பதிவுக்கென ஒரு விருதை 1980-இல்தான் அது ஏற்படுத்தியது. அவ்வளவு தாமதமாகக் கிடைத்த இடத்தைத் தயவுசெய்து சுற்றுலாப் படங்களுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த முறை எனக்குப் பட்டியல் அனுப்பும்போது ஸ்டில் வேண்டாம். எந்தக் காட்சி, அதில் ஒளி என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.