போதிதர்மர் இருக்கட்டும், பையன் மணிக்கட்டைப் பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பா தன் ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டால், வேறொரு இடத்தில் 'போதிதர்மர் நேரடி மரபு' என்று மூன்று மாதம் பயிற்சியாம், மணல் மூட்டையில் தினமும் நூறு குத்தாம். வலிக்கிறது என்று சொன்னதற்கு, அந்தக் காலத்துப் பயிற்சி அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நான்காவது பையன் இவன்.

இருபது வருடமாகக் குங்ஃபூ சொல்லித் தருகிறேன். "இது நம்ம காஞ்சிபுரத்து ஆள் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்ததுதானே மாஸ்டர்?" என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன், அந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன கெடுதல் என்று. இப்போது அதை வைத்துப் பிள்ளைகள் கையை உடைக்கிறார்கள் என்பதால் சிரிப்பு வரவில்லை.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி யாங் சுவான்ஷி 547 வாக்கில் எழுதியது. அதில் அவர் பாரசீகத் துறவி. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து தாவோசுவான் எழுதிய துறவிகள் வரலாற்றில் தென்னிந்தியப் பிராமணர் ஆகிறார். எந்த ஊர்க்காரராகவும் இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டிலுமே அவர் யாரையும் ஒரு தட்டுத் தட்டியதாகக்கூட இல்லை. குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடமே 495 வாக்கில் வட வெய் பேரரசர் சியாவோவன், இந்தியாவிலிருந்து வந்த பாத்துவோ என்ற துறவிக்காகக் கட்டியது. இந்தியத் தொடர்புதான் வேண்டுமென்றால் அவர் இருக்கிறார், ஆனால் அவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அப்புறம் கதை எங்கிருந்து வந்தது? 'யீஜின் ஜிங்' என்ற தசைநார்ப் பயிற்சி நூலிலிருந்து. போதிதர்மர் எழுதி வைத்துவிட்டுப் போனது என்று சொல்லிக்கொள்ளும் இந்த நூல் உண்மையில் 1624 வாக்கில் தாவோ என்ற சீனச் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதியது. பழசாகக் காட்ட வேண்டுமே, அதற்காக 628-ல் தாங் வம்சத்துத் தளபதி லி ஜிங் எழுதியதாக ஒரு முன்னுரை. அதில் லி ஜிங் இந்த வித்தையைச் சுருள்தாடி வீரன் ஒருவனிடம் கற்றாராம். அந்த வீரன் ஒரு கற்பனைக் கதையின் பாத்திரம்! இன்னொரு முன்னுரை நியூ காவோ என்ற போர்வீரர் பெயரில் இருக்கிறது, அதில் அவரே எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்கிறார். எழுதத் தெரியாதவர் எழுதிய முன்னுரை. லிங் திங்கான் போன்ற சீன அறிஞர்களே இதைக் கேலி செய்து இருநூறு வருடம் ஆகிறது.

சீனச் சண்டைக் கலைக்கு ஒற்றை ஆசான் என்று யாரும் கிடையாது. போதிதர்மர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே சின் வம்சத்து இரண்டாம் பேரரசர் அரண்மனையில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்திருக்கிறார். ஹான் காலத்து நூல் பட்டியலில் கைச்சண்டை பற்றி ஆறு அத்தியாயம் போர்க்கலை நூல்களோடு பதிவாகியிருக்கிறது, நூல்தான் தொலைந்துவிட்டது. 621-ல் ஷாவோலின் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்று போரிட்டது 728-ல் எழுப்பிய கல்வெட்டில் இருக்கிறது. என்ன பாணியில் போரிட்டார்கள் என்பது அதில் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது கம்புச் சண்டை. வெறுங்கைச் சண்டை அங்கே பெரிதானது அதற்கும் பிறகு.

நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது சி ஜிகுவாங்கைப் பற்றி. 1560 வாக்கில் வெறுங்கைச் சண்டையின் முப்பத்திரண்டு நிலைகளைத் தொகுத்த சீனப் படைத்தலைவர். வெறுங்கை வித்தை பெரும் போரில் அவ்வளவாக உதவாது, ஆனால் கைகாலைப் பழக்கும், புதிதாக வருகிறவனுக்கு அதுதான் வாசல் என்று அவரே எழுதியிருக்கிறார். கடற்கொள்ளையரோடு நிஜமாகவே சண்டை போட்டவர் சொன்னது இது.

பெற்றோரே, 'ரகசியம்', 'நேரடி மரபு' என்று எவர் சொன்னாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். சான்றிதழில் டிராகன் படம் இருந்தால் மயங்காதீர்கள். வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், உட்கார விடவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள். வளரும் பிள்ளை செங்கல், மணல், மரம் எதையும் குத்தக் கூடாது, ஒரு நாள்கூட. வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தயவுசெய்து நம்புங்கள்.

அந்தப் பையனை எலும்பு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். கை சரியாகும் வரை, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலை மட்டும் நிற்கட்டும் என்றேன். அதுவும் முழங்கால் கால்விரலைத் தாண்டாமல்.