உள்ளங்கை அளவு பெட்டி காரை எப்படிக் கிளப்புகிறது?

மார்கழி, தை மாதங்களில் ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் சிலருக்கு விடிகாலையில் ஒரு சோதனை வரும். முந்தின நாள் மேட்டுப்பாளையம் வெயிலில் ஒரே திருப்பலில் கிளம்பிய கார், புல்லெல்லாம் உறைபனி பூத்திருக்கும் காலையில் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று சத்தம் மட்டும் வரும். டாஷ்போர்டு விளக்கு எரியும், ஹாரன்கூட அடிக்கும். என்ஜின் மட்டும் சுற்றாது. அப்போது கைகொடுப்பதுதான் ஜம்ப் ஸ்டார்ட்டர்: நோஞ்சான் பேட்டரியோடு கிளிப் மாட்டி வண்டியைக் கிளப்பும் உள்ளங்கை அளவு பெட்டி. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் முன், பேட்டரிக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

எல்லோரும் குளிரைத் திட்டுவார்கள். ஆனால் பேட்டரியைக் கெடுத்தது பெரும்பாலும் சமவெளியின் வெயில்தான். குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. காரில் இருப்பது ஈய-அமில பேட்டரி. பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கியதன் வழியில் வந்தது. உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு தகடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் தரும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழையபடி ஆகிவிடும். சூடு கூடக்கூடத் தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் நெடுநாளாக இருக்கும் கணக்கு. வண்டியை எடுக்காமலே போட்டு வைத்தால் படிந்த சல்ஃபேட் கெட்டியாகி, பிறகு கரையவே மறுக்கும்.

இப்படித் தேய்ந்த பேட்டரிக்கு உள்மின்தடை, அதாவது மின்சாரம் ஓடுவதற்கு பேட்டரியே உள்ளே காட்டும் எதிர்ப்பு, கூடிவிடும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார், என்ஜினைச் சுற்ற 150 ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியின் உள்மின்தடை 0.01 ஓம் அளவில் இருக்கும். 150 ஆம்பியர் ஓடும்போது உள்ளேயே 1.5 வோல்ட் போகும். 12.6 வோல்ட்டில் 11.1 மிஞ்சும், வண்டி கிளம்பிவிடும். உள்மின்தடை 0.04 ஓம் ஆகிவிட்டால்? அதே 150 ஆம்பியரை இழுக்கப் பார்த்தால் 6 வோல்ட் உள்ளேயே காணாமல் போகும். மிச்சமுள்ள 6.6 வோல்ட்டை வைத்து மோட்டார் என்ன செய்யும்? குளிரில் இது இன்னும் மோசம். அமிலத்தில் அயனிகள் மெதுவாகவே நகரும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகிச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும்.

அந்த ‘டக் டக்’ சத்தமும் இதனால் வருவதுதான். செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச். அதை இழுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், அதனால் அது ‘டக்’ என்று மூடிக்கொள்ளும். உடனே மோட்டார் முழு மின்சாரத்தையும் கேட்கும், வோல்ட் சரியும். சோலினாய்டைப் பிடித்து வைக்கும் பலம்கூட இல்லாமல் சுவிட்ச் விட்டுவிடும். விட்டதும் பளு குறைந்து வோல்ட் ஏறும், மறுபடி ‘டக்’. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். பளு இல்லாதபோது மல்டிமீட்டரில் 12.4 என்று காட்டும் பேட்டரிகூட இப்படிச் செய்யும். ஆகவே பேட்டரியைச் சோதிக்கிறவர்கள் சாவியைத் திருப்பும் நேரத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மீது சந்தேகப்படலாம்.

சரி, ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வருவோம். கடைகளில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டு விற்கும் பெட்டியில் இருப்பது சுமார் 37 வாட்-மணி ஆற்றல். அதே அளவு எழுதிய சாதாரண பவர் பேங்கிலும் அவ்வளவுதான் இருக்கும். ஒரு முறை கார் கிளப்ப எவ்வளவு வேண்டும்? 150 ஆம்பியர், 10 வோல்ட், 3 நொடி: 4,500 ஜூல், அதாவது 1.25 வாட்-மணி. பவர் பேங்கிலேயே இருபத்தைந்து தடவைக்கு மேல் கிளப்பும் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது! ஆனால் அதனால் ஒரு தடவைகூட முடியாது. மோட்டாருக்கு அந்த மூன்று நொடியில் 1,500 வாட் வேண்டும். சாதாரண பவர் பேங்க் தருவதோ 15 வாட் சுமார். அண்டா நிறையத் தண்ணீர் இருந்தாலும் சொட்டுக் குழாய் வழியாக வந்தால் பற்றிய நெருப்பை அணைக்க முடியாது, ஒரு குடத்தைக் கவிழ்த்தால் அணையும்.

அப்படிக் கவிழ்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை ஜம்ப் ஸ்டார்ட்டரின் லித்தியம் செல்கள். மின்முனைப் பூச்சு மெல்லியதாக, பரப்பு பெரியதாக, அடுக்கடுக்காக இருக்கும். டிரோன்களில் இருப்பதும் இந்த வகைதான். பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று செல்கள் வரிசையாக இருக்கும். பெட்டியில் எழுதிய 10,000 என்பது மூன்று செல்களையும் கூட்டிய கணக்கு; வரிசையாகச் சேர்த்தால் 3.3 ஆம்பியர்-மணிதான். அந்தத் தொகுப்பு 150 ஆம்பியர் தருவது என்றால், ஒன்றரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும் வேகம். நமக்கு வேண்டியதோ சில நொடிகள்தான். பெட்டி மீது ‘1000 ஆம்பியர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது கண நேர உச்சம். அதை நம்பி வாங்காதீர்கள், வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. ஈய-அமில செல் ஒன்று 2.1 வோல்ட், ஆறு சேர்ந்தால் 12.6. முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட், மூன்று சேர்ந்தாலும் அதே 12.6. அதனால்தான் இரண்டையும் நேரடியாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைக்க முடிகிறது. ஆனால் என்ஜின் ஓடத் தொடங்கியதும் இந்தப் பொருத்தம் போய்விடும். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். அது அப்படியே லித்தியம் செல்களுக்குள் திரும்பிப் பாய்ந்தால் அவை சூடாகி வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். கிளிப் கம்பியின் நடுவே இருக்கும் சின்ன பெட்டிதான் இந்தத் திரும்பு பாய்ச்சலைத் தடுக்கிறது. சிவப்பு, கறுப்பு மாறிவிட்டாலும் அதுதான் காக்கிறது. பேட்டரி ஒரேயடியாக இறங்கிப்போனால் இந்தக் காவலனுக்கு எதிரே பேட்டரி இருப்பதே தெரியாது. அப்போது ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவார்கள். பல கருவிகளில் அதை அழுத்தியதும் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால், எந்த கிளிப் எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

மாட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் சிவப்பை பிளஸ் டெர்மினலில் மாட்டி, கறுப்பை என்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுவது நல்லது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கிளம்பியதும் கருவியைச் சீக்கிரம் கழற்றிவிட்டு, வண்டியை அரை மணியாவது ஓட்டுங்கள். சல்ஃபேட் கெட்டிப்பட்ட பேட்டரி மறுநாளும் இதையே செய்யும். அதை மாற்றத்தான் வேண்டும்.

பேட்டரியே இல்லாத ஜம்ப் ஸ்டார்ட்டரும் இருக்கிறது. உள்ளே சூப்பர் கெபாசிட்டர்கள்: மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது சட்டென்று கொட்டிவிடும் பாகங்கள். 150 ஆம்பியர் தர முடியாத நோஞ்சான் பேட்டரியால் சில ஆம்பியர் தர முடியும் அல்லவா? அதைச் சில நிமிடம் மெதுவாக உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் அந்த வண்டிக்கே திருப்பிக் கொடுக்கும். 350 ஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) கெபாசிட்டர் ஐந்தை வரிசையாகச் சேர்த்து 13.5 வோல்ட் ஏற்றினால், அது 9 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 3,500 ஜூல் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஓரிரு நொடியில் பற்றிக்கொள்ள அது போதும். வெளியிலிருந்து ஒரு துளி ஆற்றலும் வரவில்லை, செத்ததாக நினைத்த பேட்டரியே தன் வண்டியைக் கிளப்பியிருக்கிறது. முற்றிலும் காலியான பேட்டரியிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

காரிலேயே போட்டு வைக்க என்றால் நான் கெபாசிட்டர் வகையைத்தான் சொல்வேன். நம் ஊர் சித்திரை வெயிலில், மூடிய காருக்குள் 60 டிகிரி தாண்டும். லித்தியம் செல்லுக்கு அது ஆகாது. லித்தியம் வாங்கினால் பையில் கொண்டுபோங்கள், டாஷ்போர்டில் வைக்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட் லாரி, பஸ்ஸுக்கு இந்த 12 வோல்ட் கருவி பொருந்தாது.

அப்புறம், மின்சார கார் வைத்திருப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. நூற்றுக்கணக்கான வோல்ட் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற மின்காந்த சுவிட்சுகளை மூட ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அது இறங்கினால் சில கார்களில் கதவைத் திறப்பதே பெரும்பாடு. அங்கே சுற்றுவதற்கு என்ஜின் இல்லாததால் சில ஆம்பியரே போதும், மிகச் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரும் வேலை செய்யும். கிளிப் மாட்டும் இடம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் அந்தப் பக்கத்தை இப்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.